3.15க்கு முடிந்த பார்க்கிங் டிக்கெட், 3.23க்கு எழுதிய அபராதம்: கவுன்சிலை எதிர்க்கலாமா?

உங்கள் கேள்வியை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில், லண்டனுக்கு வெளியே உள்ள ஒரு நகரத்தில், கவுன்சிலுக்குச் சொந்தமான கார் பார்க்கில் வண்டியை நிறுத்தினீர்கள். இயந்திரத்தில் பணம் போட்டு எடுத்த டிக்கெட் மாலை 3.15 வரை செல்லுபடியாகும். அதைக் கண்ணாடிக்குள் வைத்துவிட்டு மாமியாரை மருந்துக்கடைக்கு அழைத்துச் சென்றீர்கள். அவருக்கு முழங்கால் வலி, வேகமாக நடக்க முடியவில்லை. 3.31க்குத் திரும்பி வந்தபோது கண்ணாடியில் மஞ்சள் உறை ஒட்டியிருந்தது. உள்ளே 50 பவுண்ட் அபராதம், 14 நாளுக்குள் கட்டினால் 25. அதில் குறித்திருந்த நேரம் 3.23. ‘பத்து நிமிடச் சலுகை உண்டு’ என்று தோழி சொன்னதைக் கேட்டு ஆட்சேபம் எழுதினீர்கள். கவுன்சில் அதை நிராகரித்துவிட்டது. இப்போது 25 பவுண்டைக் கட்டி முடித்துக்கொள்வதா, மேலே போவதா என்பது உங்கள் கேள்வி. கூடவே, உங்கள் கணவருக்கு ஒற்றை மஞ்சள் கோட்டில் 6.26க்கு விழுந்த அபராதத்துக்கும் இதே விதி பொருந்துமா என்று கேட்டிருக்கிறீர்கள். அங்கே 6.30 வரை தடை.

நான் வழக்கறிஞர் அல்லேன். இங்கிலாந்தில் ஒரு கவுன்சிலின் வாகன நிறுத்தப் பிரிவில் பல ஆண்டுகள், உங்களைப் போன்றவர்கள் எழுதும் ஆட்சேபக் கடிதங்களைப் படித்துப் பதில் எழுதும் வேலை பார்த்தவன். ஓய்வு பெற்ற பிறகு சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து, நம்மவர்கள் கொண்டுவரும் இத்தகைய கடிதங்களைப் படித்துப் பார்த்து வழி சொல்கிறேன். மேசையின் இரு பக்கமும் இருந்த அனுபவத்தில்தான் எழுதுகிறேன். உங்கள் அபராதச் சீட்டையோ, கவுன்சில் எடுத்த புகைப்படங்களையோ நான் பார்க்கவில்லை. நீங்கள் எழுதியதை அப்படியே உண்மை என்று கொண்டே சொல்கிறேன்.

‘சலுகை’ என்ற சொல்லிலிருந்து தொடங்க வேண்டும், ஏனென்றால் கவுன்சிலின் கடிதம் முழுவதும் அந்தச் சொல்லின் மீதுதான் நிற்கிறது. ‘கூடுதல் நேரம் தருவது எங்கள் விருப்பம், தாமதமாக வந்ததை நீங்களே ஒப்புக்கொண்டதால் அதைத் தர இயலாது’ என்ற பொருளில் எழுதியிருப்பதாகச் சொல்கிறீர்கள். சலுகை என்றால் தருபவர் மனம் வைத்தால் கிடைக்கும், இல்லாவிட்டால் இல்லை. 2015 ஏப்ரல் 6க்கு முன்பு இங்கிலாந்தில் உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. ஒரு கவுன்சில் ஐந்து நிமிடம் பொறுத்தது, இன்னொன்று ஒரு நிமிடம்கூடப் பொறுக்கவில்லை. அன்று முதல் அது சட்டமானது. 2004ஆம் ஆண்டின் போக்குவரத்து மேலாண்மைச் சட்டத்தின் கீழான ஒழுங்குவிதிகளைத் திருத்தி, அனுமதிக்கப்பட்ட நேரம் முடிந்த பின் பத்து நிமிடத்துக்கு மேற்படாமல் நிற்கும் வண்டிக்கு அபராதம் செலுத்த வேண்டியதில்லை என்று சேர்த்தார்கள். அந்த ஒழுங்குவிதிகளை நீக்கிவிட்டு, 2022 மே 31 முதல் புதியவற்றைக் கொண்டுவந்தபோதும் இந்தப் பத்து நிமிடம் அப்படியே தொடர்ந்தது. ஆகவே இது கவுன்சில் தரும் சலுகையே இல்லை. சட்டம் உங்களுக்குக் கொடுத்த விலக்கு. அதை மறுக்கும் அதிகாரம் அந்தக் கடிதத்தில் கையொப்பமிட்டவருக்குக் கிடையாது.

இது எங்கெங்கே பொருந்தும் என்பதிலும் ஐயமில்லை. முறையான போக்குவரத்து ஆணையின் மூலம் வாகனம் நிறுத்துவதற்கென்று ஒதுக்கப்பட்ட இடமாக இருக்க வேண்டும். சாலையோரத்தில் கோடு போட்டுப் பிரித்த இடமும் அதில் அடங்கும், கவுன்சிலின் கார் பார்க்கும் அடங்கும். பணம் கட்டி நிறுத்திய நேரமானாலும், ‘ஒரு மணி நேரம் இலவசம்’ என்று பலகை சொல்லும் நேரமானாலும் ஒன்றுதான். அந்த நேரம் முடிந்ததும் பத்து நிமிடம் தொடங்குகிறது. நடுவண் அரசின் போக்குவரத்துத் துறை கவுன்சில்களுக்கு வெளியிட்டுள்ள சட்டமுறை வழிகாட்டுதல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. பத்து நிமிடம் முடியுமுன் எழுதப்படும் அபராதம் சட்டவிரோதமானது என்றே அது சொல்கிறது. கட்டணமே கட்டாமலோ, வைக்க வேண்டிய டிக்கெட்டை வைக்காமலோ நிறுத்தியவர்களுக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு இல்லை என்று விதிவிலக்கும் சொல்கிறது. இந்த வழிகாட்டுதலைக் கவுன்சில் கருத்தில் கொண்டே ஆக வேண்டும் என்பது அதே 2004ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த கடமை.

இனி உங்களை உறுத்திக்கொண்டிருக்கும் இடத்துக்கு வருகிறேன். ‘நான் வந்தது 3.31க்கு. அப்படியென்றால் பதினாறு நிமிடம் தாமதம்தானே? தப்பு என் மேல்தானே?’ என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் ஆட்சேபத்திலும் இதையே முதல் வரியாக வைத்து, மன்னிப்புக் கேட்டுத் தொடங்கியிருக்கிறீர்கள். நம்மவர்களின் கடிதங்களை ஆண்டுக்கணக்காகப் படித்தவன் என்பதால் இதை மனம் நொந்தே சொல்கிறேன். முதல் பத்தியில் மன்னிப்பு, இரண்டாவதில் வீட்டு நிலைமை, மூன்றாவதில் இதுவரை ஒரு குற்றமும் செய்ததில்லை என்ற உறுதிமொழி என்று போய், வழக்கை வெல்லக்கூடிய ஒரே செய்தி கடைசி வரியில் ஒளிந்திருக்கும். ஒரு நாளில் அறுபது கடிதம் பார்க்கும் எழுத்தர் அந்தக் கடைசி வரியை எட்டுவதற்குள் முடிவெடுத்திருப்பார். மரியாதையாக எழுதுவது நல்ல பழக்கம். ஆனால் செய்யாத பிழையைத் தலையில் ஏற்றுக்கொள்வதில் மரியாதை ஒன்றும் கிடையாது.

அபராதச் சீட்டு சுமத்துவது ஒரு குறிப்பிட்ட நேரத்தில் நடந்த மீறலை. உங்கள் சீட்டில் அந்த நேரம் 3.23. அந்த நேரத்தில் உங்கள் வண்டி அனுமதிக்கப்பட்ட நேரத்தைக் கடந்து எட்டு நிமிடம் நின்றிருந்தது. அந்த நிமிடத்தில் எந்த அபராதமும் செலுத்த வேண்டியதாக இல்லை, ஆகவே அந்த நிமிடத்தில் எழுதவும் கூடாது. அலுவலர் ஒரு சுற்றுப் போய்விட்டு 3.27க்கு மீண்டும் வந்து பார்த்து எழுதியிருந்தால் நீங்கள் சட்டப்படி மாட்டிக்கொண்டிருப்பீர்கள். அவர் அப்படிச் செய்யவில்லை. அவர் போன பிறகு வண்டி எவ்வளவு நேரம் நின்றது என்பது, அவர் 3.23க்கு எழுதியதைப் பின்னோக்கிச் சரியாக்கிவிடாது.

இதில் எவ்வளவு உறுதி என்று கேட்டால், இரண்டாகப் பிரித்துச் சொல்ல வேண்டும். பத்து நிமிடத்துக்குள் எழுதிய அபராதம் செல்லாது என்பது உறுதியானது, வழிகாட்டுதலே அதைச் சொல்கிறது. ‘வண்டி மொத்தத்தில் பதினாறு நிமிடம் நின்றது, ஆகவே விலக்குக்கே தகுதியில்லை’ என்ற வாதத்தை, மேல்முறையீட்டை விசாரிக்கும் தீர்ப்பாயத்தின் நடுவர் ஒருவர் ஏற்பாரா என்பது அந்த அளவுக்கு உறுதியானதன்று. ஒழுங்குவிதியின் சொற்களை ஒருவர் வலிந்து படித்தால் அப்படி ஒரு வாதம் செய்ய இடமிருக்கிறது. ஒரு நடுவரின் தீர்ப்பு மற்றொரு நடுவரைக் கட்டுப்படுத்தாது என்பதையும் நினைவில் வையுங்கள். என் கருத்தில் அது பலவீனமான வாதம். அதை ஏற்றால், அலுவலர்கள் நேரம் முடிந்த ஒரு நிமிடத்திலேயே எழுதிவிட்டு, ஓட்டுநர் எப்படியும் தாமதமாகத்தான் வருவார் என்று காத்திருக்கலாம் என்றாகிவிடும். விலக்குக்குப் பொருளே இருக்காது.

இங்கே ஒரு வேண்டுகோள். 3.31 என்ற நேரத்தை இனி மறைக்கவோ மாற்றவோ முயலாதீர்கள். ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டீர்கள், அது கோப்பில் இருக்கிறது. ‘உண்மையில் 3.24க்கே வந்தேன்’ என்று இப்போது எழுதினால் வலுவான வழக்கு உங்கள் நம்பகத்தன்மையோடு சேர்ந்து சாய்ந்துவிடும். உங்களுக்கு அந்தப் பொய் தேவையுமில்லை.

கவுன்சிலின் இரண்டாவது காரணம் கொஞ்சம் நுட்பமானது. உங்கள் சீட்டில் உள்ள மீறல் குறியீடு 83 என்கிறீர்கள். கார் பார்க்கில், செல்லுபடியாகும் டிக்கெட்டைத் தெளிவாக வைக்காமல் நிறுத்தியது என்பது அதன் பொருள். ‘3.23க்கு உங்கள் டிக்கெட் செல்லாது. செல்லுபடியாகும் டிக்கெட் இல்லாத வண்டிக்குக் கூடுதல் நேரம் கிடையாது’ என்று எழுதியிருக்கிறார்கள். கார் பார்க்கில் கட்டிய நேரம் கடந்து நின்றதற்கு உரிய குறியீடு 82. சாலையோரத்தில் இதே வேறுபாடு 05, 06 என்ற எண்களில் வரும். இப்படிக் குறியீடு மாறுவது ஏன் என்று எங்கள் அலுவலகத்தில் நானே பார்த்திருக்கிறேன். 82ஐத் தேர்ந்தெடுத்தால், அலுவலர் சீட்டு எழுதும் கைக்கருவி டிக்கெட் முடிந்த நேரத்தைக் கேட்கும், பத்து நிமிடம் ஆகாவிட்டால் மேலே போக விடாது. 83ஐத் தேர்ந்தெடுத்தால் அந்தக் கேள்வியே வராது. அவசரத்திலோ பழக்கத்திலோ அலுவலர் 83ஐ அழுத்திவிடுவார். எல்லாக் கவுன்சில்களிலும் கருவி இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை, எங்கள் கருவி அப்படி இருந்தது. உங்கள் அலுவலர் வேண்டுமென்றே செய்தார் என்றும் நான் கருதவில்லை. வெயிலிலும் மழையிலும் நடந்து, தெருவில் வசை வாங்கிக்கொண்டு பார்க்கும் வேலை அது.

ஆனால் குறியீட்டை மாற்றிப் போடுவதால் சட்டம் தந்த விலக்கு மறைந்துவிடாது. நீங்கள் கட்டணம் கட்டினீர்கள். டிக்கெட்டை வைத்தீர்கள். அது 3.15 வரை செல்லுபடியானது. 3.23க்கு அது செல்லாமல் போனதற்கு ஒரே காரணம் நேரம் கடந்ததுதான். அந்த நேரக் கடப்பைத்தான் சட்டம் பத்து நிமிடத்துக்குப் பொறுத்துக்கொள்கிறது. காலாவதியான ஒவ்வொரு டிக்கெட்டையும் ‘செல்லுபடியாகும் டிக்கெட் வைக்கவில்லை’ என்று அழைக்கலாம் என்றால், இயந்திரத்தில் டிக்கெட் எடுக்கும் எந்த இடத்திலும் அந்தப் பத்து நிமிடத்தை யாரும் அனுபவிக்க முடியாது. வழிகாட்டுதல் விலக்கிவைப்பது டிக்கெட்டே வைக்காதவரை. நீங்கள் அவர் அல்லர்.

இதில் எல்லாமே ஒரு புகைப்படத்தில் இருக்கிறது. கவுன்சிலின் இணையதளத்தில் அபராத எண்ணையும் வண்டி எண்ணையும் கொடுத்தால் அலுவலர் எடுத்த படங்களைப் பார்க்கலாம். உங்கள் டிக்கெட் முகம் மேலாக, 3.15 என்ற நேரம் தெரியும்படி கிடக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். தெரிந்தால் உங்கள் வழக்குக்கு வேண்டிய சான்றைக் கவுன்சிலே எடுத்து வைத்திருக்கிறது. கதவைச் சாத்தும்போது அடித்த காற்றில் டிக்கெட் கவிழ்ந்து வெள்ளைப் பக்கம் தெரிகிறதென்றால் நிலைமை வேறு. அப்போது தெளிவாக வைக்கவில்லை என்ற குற்றச்சாட்டு தன் காலில் நிற்கும், பத்து நிமிட விதி உங்களுக்கு உதவுவது கடினம். அப்படியானால் 25 பவுண்டைக் கட்டிவிடுவதுதான் உத்தமம். படங்களைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்த மூல டிக்கெட்டை எக்காரணம் கொண்டும் தொலைக்காதீர்கள், தபாலிலும் அனுப்பாதீர்கள், நகல் போதும். அலுவலரின் குறிப்புகளையும் கேட்டு வாங்குங்கள். வண்டியை முதலில் பார்த்த நேரமும் சீட்டு எழுதிய நேரமும் அவற்றில் இருக்கும். உங்கள் வழக்கில் எட்டு நிமிடம் என்பதால் கடிகார வேறுபாடு பெரிதாகப் பாதிக்காது. பத்தாவது நிமிடத்தை ஒட்டி எழுதிய சீட்டானால் நொடிக்கணக்கில் வாதாட வேண்டிவரும். டிக்கெட்டில் நொடி அச்சிடப்படாத நிலையில் ஐயத்தின் பலன் ஓட்டுநருக்கே போக வேண்டும் என்பது என் கருத்து.

பணக் கணக்கைப் பார்ப்போம், ஏனென்றால் பெரும்பாலோர் பயந்து பின்வாங்குவது இங்கேதான். தள்ளுபடிக் காலத்துக்குள் எழுதிய முதல் ஆட்சேபத்தை நிராகரிக்கும்போது கவுன்சில் மீண்டும் 14 நாள் தள்ளுபடி தர வேண்டும் என்பது வழிகாட்டுதலின் எதிர்பார்ப்பு. உங்கள் கடிதத்திலும் அது இருப்பதாகச் சொல்கிறீர்கள். அதை விட்டு மேலே போனால் பந்தயம் 50 பவுண்டாகிறது. தீர்ப்பாயத்துக்குக் கட்டணம் எதுவும் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை, தோற்றாலும் கவுன்சிலின் செலவைக் கட்டச் சொல்வது மிக மிக அரிது. ஆக நீங்கள் இழக்கக்கூடியது கூடுதலாக 25 பவுண்டும், கடிதம் எழுதும் சில மாலைகளும். ஒன்று மட்டும் நிச்சயமாகத் தெரிந்துகொள்ளுங்கள்: பணத்தைக் கட்டினால் வழக்கு அங்கேயே முடிந்துவிடும். ‘கட்டிவிட்டுப் பிறகு வாதாடித் திரும்ப வாங்கலாம்’ என்று நண்பர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். என்னைக் கேட்டால், புகைப்படத்தில் டிக்கெட் தெரிந்தால் நான் கட்ட மாட்டேன்.

கட்டாமல் இருந்தால், 28 நாள் கழித்து நோட்டீஸ் டு ஓனர் எனப்படும் உரிமையாளர் அறிவிப்பு வரும். அது வண்டி ஓட்டியவருக்கு வராது. ஸ்வான்சியில் உள்ள வாகனப் பதிவு முகமையான டிவிஎல்ஏவின் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கே வரும். நம்மிடையே வண்டி மைத்துனர் பெயரிலும், பழைய வாடகை வீட்டு முகவரியிலும் கிடப்பது சாதாரணம். அப்படி ஊர் மாறிப்போன அறிவிப்புகளால் 50 பவுண்ட் பல நூறாகி, ஜப்தி அதிகாரி கதவைத் தட்டும் வரை போன குடும்பங்களை எனக்குத் தெரியும். முகவரி சரியா என்று இன்றே பாருங்கள். உங்கள் வண்டி கணவர் பெயரில் இருப்பதால், இந்த அறிவிப்புக்குப் பதிலாகத் தரும் முறையான மனுவை அவர் பெயரில்தான் அனுப்ப வேண்டும். நீங்கள் எழுதலாம், அவர் கையொப்பமிடட்டும். அறிவிப்பு கிடைத்த நாளிலிருந்து 28 நாள் அவகாசம். கவுன்சில் அந்த மனுவுக்கு 56 நாளுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் உங்கள் மனுவை ஏற்றதாகவே சட்டம் கொள்ளும். இந்த 56 நாள் கணக்கு முறையான மனுவுக்குத்தான், நீங்கள் முதலில் எழுதிய ஆட்சேபத்துக்கு அன்று.

அறிவிப்போடு வரும் படிவத்தில் எந்தக் காரணத்தைக் குறிப்பது என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். ‘மீறல் நடக்கவில்லை’ என்ற கட்டத்தில் மட்டும் குறிப்பது எல்லாருக்கும் தோன்றும் வழி. ஆனால் ஒழுங்குவிதியின் அமைப்பைக் கவனியுங்கள். மீறல் நடக்கவில்லை என்று அது சொல்லவில்லை. அபராதம் செலுத்த வேண்டியதில்லை என்றுதான் சொல்கிறது. செலுத்த வேண்டிய தொகை பூச்சியம் என்கிற இடத்தில் 50 கேட்டால், அது ‘உரிய தொகைக்கு மேல் கேட்கப்பட்டது’ என்ற காரணத்தின் கீழ் மிக இயல்பாகப் பொருந்துகிறது. சட்டம் தடுத்திருக்கும்போது அபராதம் எழுதியதால் ‘நடைமுறைக் குறைபாடு’ என்பதும் பொருந்தும் என்று வாதிடலாம். எந்தக் கட்டம் என்பதில் நடுவர்களுக்குள்ளும் கருத்து வேறுபடலாம் என்பதால் மூன்றையும் குறியுங்கள். ஒன்றுக்கு மேல் குறிப்பதற்குத் தடை இல்லை.

மனுவைச் சுருக்கமாக எழுதுங்கள். முதல் வரியிலேயே மூன்று எண்கள் வரட்டும்: டிக்கெட் முடிந்தது 3.15, சீட்டில் உள்ள நேரம் 3.23, இடைவெளி எட்டு நிமிடம். அடுத்ததாக, 2022ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின்படி பத்து நிமிடத்துக்கு மேற்படாத கடப்புக்கு அபராதம் செலுத்த வேண்டியதில்லை, பத்து நிமிடத்துக்குள் எழுதுவது சட்டவிரோதம் என்று போக்குவரத்துத் துறையின் வழிகாட்டுதல் சொல்கிறது, இது கவுன்சிலின் விருப்பத்துக்கு விடப்பட்டதன்று என்று எழுதுங்கள். பிறகு குறியீடு 83 பற்றி: டிக்கெட் வைக்கப்பட்டிருந்ததை உங்கள் அலுவலரின் புகைப்படமே காட்டுகிறது, அது காலாவதியானது நேரம் கடந்ததால் மட்டுமே என்று எழுதிப் படத்தை இணையுங்கள். 3.31 பற்றி ஒரே வரி போதும்: ஓட்டியவர் திரும்பிய நேரம் 3.23க்கு எழுதப்பட்ட சீட்டைச் செல்லுபடியாக்காது. மாமியாரின் முழங்காலைப் பற்றிக் கடைசியில் இரண்டு வரி எழுதலாம், தவறில்லை. கவுன்சில் அதைக் கருத்தில் கொண்டு இரங்கலாம். நடுவருக்கோ வெறும் இரக்கத்தின் பேரில் அபராதத்தை நீக்கும் அதிகாரம் இல்லை. நெஞ்சை உருக்கும் காரணம் இருந்தால் மறுபரிசீலனை செய்யும்படி கவுன்சிலுக்குப் பரிந்துரைக்கத்தான் முடியும். அதனால்தான் சட்டம் முன்னும், முழங்கால் பின்னும்.

மனுவும் நிராகரிக்கப்பட்டால், நிராகரிப்புக் கடிதம் கிடைத்து 28 நாளுக்குள் தீர்ப்பாயத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். லண்டனுக்கு வெளியே அது டிராஃபிக் பெனால்டி டிரிப்யூனல், லண்டனுக்குள் லண்டன் டிரிப்யூனல்ஸ். இணையத்திலேயே பதிவு செய்து, தொலைபேசியிலோ காணொளியிலோ பேசலாம், அல்லது ஆவணங்களை வைத்தே முடிவு செய்யும்படி கேட்கலாம். அங்கே மீறலை நிறுவும் பொறுப்பு கவுன்சிலுடையது. கோப்பு தீர்ப்பாயத்துக்குப் போகிறது என்றவுடன் எங்கள் அலுவலகத்தில் ஒரு மூத்த அலுவலர் அதை முதல்முறையாக ஊன்றிப் படிப்பார். பத்து நிமிடத்துக்குள் எழுதிய சீட்டானால், வாதாடாமல் அன்றே கைவிட்டுவிடுவார். அதற்கு முன் வந்த இரண்டு நிராகரிப்புகளும் வார்ப்புருக் கடிதங்களாக இருந்திருக்கும். அதைப் படித்து எத்தனை பேர் மனம் தளர்ந்து கட்டினார்கள் என்று எண்ணும்போது எனக்கு இன்றும் வருத்தம்தான், அவற்றில் சில நான் அனுப்பியவை.

எந்தக் கட்டத்திலும் கடிதத்தைப் பார்க்காமல் மேசை இழுப்பறையில் போட்டு வைக்காதீர்கள். மௌனமாக இருந்தால் தொகை பாதியளவு கூடி 75 ஆகும், பிறகு நார்தாம்டனில் உள்ள நீதிமன்ற மையத்தில் கடனாகப் பதிவாகும். மேல்முறையீட்டில் தோற்றவருக்கு அப்படி உடனே தொகை உயராது, கட்ட 28 நாள் கிடைக்கும்.

உங்கள் கணவரின் சீட்டுக்கு என் பதில் உங்களுக்குப் பிடிக்காது. மஞ்சள் கோடு, ஒற்றையானாலும் இரட்டையானாலும், வாகனம் நிறுத்த ஒதுக்கிய இடம் அன்று. தடை நேரத்துக்கு உள்ளேயும் அன்று, வெளியேயும் அன்று என்று வழிகாட்டுதல் வெளிப்படையாகவே சொல்கிறது. 6.30 வரை தடையென்றால் 6.26க்கு நின்ற வண்டி மீறலில் நிற்கிறது. நான்கே நிமிடம் என்பது வாதமாகாது. அலுவலர் சில நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு எழுதினாரா என்பது வேறு விஷயம். வண்டியில் பொருள் ஏற்றி இறக்குகிறார்களா என்று பார்ப்பதற்கான அந்தக் காத்திருப்பும், நாம் பேசிய பத்து நிமிடமும் ஒன்றல்ல. அவர் உண்மையில் பாரமான பொருளை இறக்கிக்கொண்டிருந்தாலோ, ஆளை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தாலோ, தடை நேரத்தைச் சொல்லும் பலகை அங்கே இல்லாவிட்டாலோ எழுதிப் பார்க்கலாம். வெறுமனே கடைக்குப் போயிருந்தார் என்றால் தள்ளுபடிக் காலம் முடியுமுன் 35 பவுண்டைக் கட்டிவிடுவது நல்லது. லண்டனுக்கு வெளியே இந்த வகை மீறலுக்கு உங்கள் நகரத்தில் 70, அதில் பாதி.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்து மூன்று எச்சரிக்கை. பத்து நிமிடம் முடிவில்தான், தொடக்கத்தில் அன்று. வந்தவுடன் பணம் கட்டாமல் பத்து நிமிடம் நிற்கலாம் என்பது தவறு. இயந்திரத்தைத் தேடிப் போய் டிக்கெட் எடுத்து வர நியாயமாகத் தேவைப்படும் நேரம் மட்டுமே உண்டு. இந்தச் சட்டம் இங்கிலாந்துக்கானது, வேல்சிலோ ஸ்காட்லாந்திலோ இதைக் காட்டி வாதாட முடியாது. சூப்பர் மார்க்கெட் போன்ற தனியார் இடங்களில் வரும் சீட்டையும் பிசிஎன் என்றே சுருக்கிச் சொல்வார்கள், ஆனால் அது கவுன்சில் எழுதும் பெனால்டி சார்ஜ் நோட்டீஸ் அன்று, பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ். அது ஒப்பந்தத்தைச் சார்ந்தது. 2015இல் பார்க்கிங்ஐ நிறுவனத்தின் வழக்கில் 85 பவுண்ட் கேட்டது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது அந்த வகையைப் பற்றித்தான். அங்கேயும் தொழில் அமைப்புகளின் நடத்தை விதியில் பத்து நிமிடம் உண்டு, ஆனால் வழியும் தீர்ப்பாயமும் வேறு. சீட்டின் தலைப்பைப் படிக்காமல் எதையும் தொடங்காதீர்கள்.

உங்களுக்கு இப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான். இன்றிரவே படங்களைத் திறந்து டிக்கெட் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் காத்திருங்கள். உரிமையாளர் அறிவிப்பு வந்த அன்று உறையைக் கிழித்துப் போடாமல், வந்த தேதியை அதன் மேலேயே பேனாவால் எழுதி வையுங்கள். தபாலில் போட்ட இரண்டாவது வேலை நாளில் கிடைத்ததாகச் சட்டம் கருதும், அந்த நாளையே முதல் நாளாக எண்ணி 28 நாள் கணக்கிடுங்கள். கடைசி வாரம் வரை விடாமல் கணவரின் கையொப்பத்தோடு மனுவை இணையத்தில் ஏற்றி, ஏற்றியதற்கான ஒப்புகைச் செய்தியைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.